விளையாட்டுக்கும் ஒரு படிப்பா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



பல்கலைக்கழகத்தில் என்ன படிப்பு என்று ஊரில் வினவுவோருக்கு விடை கூற நாம் சற்றுத் தயங்குவதுண்டு. சபரகமுவப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானமும் முகாமைத்துவமும் பயில்கிறோம், அதிலும் நமது நாட்டம் பொழுதுபோக்கு நிருவாகத்தின் மேலது என்றால், "பந்தடிக்கவோ அரசாங்கம் காசு கொடுத்துப் படிப்பிக்கிறது?" என்கிறார்கள். நமது பாட்டனாரும் அப்படியே கேட்டார்.

சென்ற விடுமுறையில் ஊர் மைதானத்துக்குப் போயிருந்தோம். கம்பிவேலி உண்டு, இரும்புப் படலை உண்டு, படலையிற் பூட்டும் உண்டு. வலைப்பந்தாட வந்த எட்டுப் பெண்பிள்ளைகள் வெளியே நின்றார்கள். திறப்பு வைத்திருந்தவர் அருவி வெட்டுக்கு வயலுக்குப் போய்விட்டார். அவரைக் குறைகூறல் ஆகாது. அவருக்குச் சம்பளமுமில்லை, மாற்றாளுமில்லை. பொழுது சாயப் பிள்ளைகள் வீடு திரும்பினார்கள்.

திறப்பு யாரிடம், எந்த நாள் எவருக்கு, மாரி முடிந்தபின் புல்லை வெட்டுபவர் யார், மின்விளக்குக் கட்டணம் எதிலிருந்து? இவற்றை ஆராய்வதே நாம் கூறும் நிருவாகம். 1906 இல் அமெரிக்காவில் விளையாட்டிடங்களுக்கென ஒரு சங்கம் தோன்றியது. நிலம் கொடுத்தால் மட்டும் போதாது, நடத்துவோரையும் பழக்கவேண்டும் என்பதை அவர்கள் விரைவிலேயே கண்டார்கள். சென்னையில் 1920 இல் பக் துரையவர்கள் வை.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். நாம் கற்ற மிஷன் பள்ளியிலும் மைதானம் அன்று எவருக்கு என்பது பலகையில் எழுதப்பட்டிருக்கும். அதற்கு இப்படியொரு பெயருண்டென்று அப்போது அறிந்தோமில்லை.

அந்நியச் சரக்கு என்று எண்ணவேண்டாம். முல்லைத்தீவுக் கோவலன் கூத்தை நினையுங்கள். அண்ணாவியார் பழக்குவார், ஊரார் கொட்டகை போடுவர், வீட்டுக்கு வீடு பணம் சேரும், பிறகு கணக்கும் கேட்கப்படும். அதுவும் நிருவாகமே.

2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது வன்னிச் சனங்கள் செட்டிகுளம் முகாம்களில் இருந்தார்கள். மெனிக் பாம் 2012 செப்டெம்பரிலேயே மூடப்பட்டது. அங்கே நடைபழகிய குழந்தைகள் இன்று வாலிபர். மீண்டு வந்தோர் வீட்டையும் கிணற்றையும் வயலையும் முதலிற் பார்த்தார்கள். கண்ணிவெடி அகற்றும்வரை காத்திருந்த நிலங்களும் பல. விளையாட்டு கடைசியாயிற்று, அது இயல்பே. இப்போது கிளிநொச்சி நகரில் பெரிய விளையாட்டு வளாகம் எழுந்திருக்கிறது. ஆனால் மல்லாவிப் பிள்ளை பள்ளி விட்டபின் அங்கே போய் இருட்டுமுன் வீடு சேருமா? மாலையில் இளைஞர் கூடுமிடம் மதகடியானால் அங்கே என்ன கைமாறுகிறது என்பதைப் பெரியோர் அறிவீர்கள். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் மக்களின் வசதியையும் நலனையும் சபையின் கடமையாகவே வைத்திருக்கிறது. சட்டத்துக்குக் குறைவில்லை, ஆளுக்குத்தான் குறைவு.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். இன்னொரு திறப்புச் செய்வித்து வாசிகசாலை ஆணியில் தொங்கவிடுங்கள். பக்கத்தில் ஒரு கொப்பி. செவ்வாயும் வியாழனும் பெண்பிள்ளைகளுக்கு. வெள்ளி கோயில் நாள், அது வேண்டாம். கொப்பியை நாமே வாங்கித் தருகிறோம். முதலாம் பக்கத்தைப் பாட்டனார் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்.