சாட்சிக்கு ஓர் அழைப்பு



பிழைப்பின் பொருட்டு மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் வாழும் நம்மவர்களுக்கு, சொந்த ஊர் போய்த் திரும்புகையில் திருமலைக்கும் சென்று வருவது வழக்கம். அவ்வாறு வந்த ஒருவர், திருப்பதிப் பேருந்து நிலையத்தில் ஒரு மூதாட்டியின் கழுத்துச் சங்கிலியை எவனோ அறுத்துக்கொண்டு ஓடக் கண்டார் என்று வைத்துக்கொள்வோம். கண்டதைக் காவல் நிலையத்தில் சொல்லி, பெயரையும் முகவரியையும் எழுதிக் கொடுத்துவிட்டுத் தாராவிக்குத் திரும்பிவிடுகிறார். ஈராண்டு கழிகிறது. ஒரு நாள் மாலை காவலர் ஒருவர் வந்து சம்மனைத் தருகிறார். நாளை மறுநாள் காலை திருப்பதி நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வேண்டுமாம்! தெலுங்கில் எழுதிய அத்தாளை அவரால் படிக்க இயலவில்லை. ரயிலில் இடமில்லை. போகாவிட்டால் தண்டனை வருமோ என்ற அச்சம் ஒரு புறம். போனால் வேலை போய்விடுமோ என்ற கவலை மறு புறம். அவர் செய்த குற்றம்தான் என்ன? கண்ணால் கண்டதை மறைக்காமல் சொன்னது ஒன்றே.

சித்தூர் வட்டாரத்தில் இத்தகைய இக்கட்டு நேர்வதற்குக் காரணம் உண்டு. 1911-இல் அமைந்த சித்தூர் மாவட்டம், 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறக்கும் வரையில் சென்னையோடு சேர்ந்திருந்தது. 1960-இல் திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக் கோடுகள் மாறினவேயன்றி, மக்களின் போக்குவரவு குறையவில்லை. ஆகவே, அங்கு நடந்த குற்றத்தைக் கண்டவர்களில் ஒருவர் வேலூரிலும் மற்றொருவர் மும்பையிலும் இருப்பது வியப்பன்று.

இனி, சம்மன் செல்லும் வழியைப் பார்ப்போம். 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, வெளியூர்ச் சாட்சிக்கு உரிய சம்மன் பொதுவாக அவ்வூர் நடுவர் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து காவல் நிலையத்துக்குப் போய், பின்னரே அவர் வீட்டை அடையும். சாட்சிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பவும் அச்சட்டம் இடம் தந்தது. உரியவர் வீட்டில் இல்லையெனில், குடும்பத்தில் வயது வந்த ஆண் ஒருவரிடம் கொடுக்கலாம் என்றும் விதி இருந்தது. மனைவியோ தாயோ மட்டும் வீட்டில் இருந்தால், அவர்களிடம் தருவதற்கு அவ்விதி இடங்கொடுக்கவில்லை.

2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இதனை மாற்றியது. குடும்பத்தில் வயது வந்த எவரிடமும், பெண்களிடமும், இப்போது சம்மனைத் தரலாம். மின்னணு வழியாகவும் அனுப்பலாம். இதற்கென முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவற்றைக் குறித்துவைக்கும் பதிவேடு ஒன்று இருக்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. இவை நல்ல மாற்றங்கள்.

ஆயினும், தாள் கைக்கு வந்த மாத்திரத்தில் அழைப்பு முற்றுப்பெற்றுவிடுமா? வந்த சாட்சியை அன்றே விசாரித்து, மரியாதையுடன் வழியனுப்பினால்தான் அது முற்றுப்பெறும். 1958-இல் சட்ட ஆணையம் தன் பதினான்காம் அறிக்கையில், சாட்சிகளுக்கு நீதிமன்றத்தில் தக்க வசதி இல்லாமையையும், அவர்கள் பெறும் படியின் நிலையையும் எடுத்துக் காட்டிற்று. நாற்பத்திரண்டு ஆண்டுகள் சென்றபின், 2000-இல், சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதே குறையைக் கூறி வருந்தியது. தொலைவிலிருந்து வந்த சாட்சி, நாள் முழுவதும் காத்திருந்து, மாலையில் வாய்தா என்று கேட்டுத் திரும்புகிறார். இவ்வாறு இருமுறை அலைந்தவர் மூன்றாம் முறை வருவாரா?

வந்திருக்கும் சாட்சியை விசாரிக்காமல் வழக்கைத் தள்ளிவைக்கலாகாது. தனிக் காரணம் இருப்பின் அதனை எழுதிவைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சாட்சியின் நியாயமான செலவைக் கொடுக்க ஆணையிடும் அதிகாரமும், அரசின் விதிகளுக்கு உட்பட்டு, நீதிமன்றத்துக்கு உண்டு. சட்டத்தில் உள்ளதை நடைமுறையில் காண்பதே நமக்கு வேண்டுவது. வெளி மாநிலச் சாட்சிக்குச் சில வாரங்கள் முன்னதாகவே நாள் குறிக்கலாம். சம்மனுடன் அவர் அறிந்த மொழியில் ஒரு குறிப்பை இணைக்கலாம். வழக்கு தள்ளிப்போகும் என்று தெரிந்தால், அவர் ரயில் ஏறுமுன் தொலைபேசியில் ஒரு சொல் சொல்லலாம். காணொளி வாயிலாகச் சாட்சியம் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் 2003-இலேயே தீர்ப்பளித்துள்ளமையால், தக்க வழக்குகளில் அவ்வழியையும் நாடலாம்.

நேயர்களுக்கும் கடமை உண்டு. காவல் நிலையத்தில் சரியான முகவரியையும் எண்ணையும் கொடுங்கள். வீடு மாறினால் தெரிவியுங்கள். சம்மன் வந்தால் பெட்டியில் போட்டு மூடிவிடாதீர்கள். வர இயலாவிடில், காரணத்தை எழுதி நீதிமன்றத்துக்கு உடனே அனுப்பி, வேறு நாள் கேளுங்கள். வாளாவிருந்தால் அபராதமும், பிடி வாரண்டும் வரக்கூடும். தெலுங்கு தெரியாதே என்று அஞ்ச வேண்டா. தமிழிலேயே சாட்சி சொல்லலாம். இயலுமாயின் அது தமிழிலேயே பதிவாகும். இல்லையேல், நீங்கள் சொல்லச் சொல்ல நீதிமன்ற மொழியில் பெயர்த்து எழுதப்பட வேண்டும் என்பது சட்டம்.

சங்கிலியை இழந்த மூதாட்டி நீதிக்காகக் காத்திருக்கிறாள். பிடிபட்டவன் ஒருவேளை குற்றமற்றவனாயின், அவனும் சிறையில் அந்த ஒரு சாட்சியின் வருகைக்காகவே நாட்களை எண்ணிக்கொண்டிருப்பான். அவ்விருவருக்காகவும் வருபவர் சாட்சி. அவரை அழைக்கும் முறையில் விருந்தினரை அழைக்கும் பண்பு சிறிதேனும் இருக்க வேண்டாமா?