நுழைந்ததா அறிவு?



'இன்றைய கல்வி தருவது அறிவே' என்று முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிறார் எதிரணி நண்பர். அவர் பட்டங்களை வாசிக்கவே மூன்று நிமிடம் ஆயிற்று. (சிரிப்பு) பட்டம் எனக்கும் இருக்கிறது ஐயா, முனைவர் பட்டம். அதனால்தான் தைரியமாகச் சொல்கிறேன்: தருவது மதிப்பெண்!

வள்ளுவர் கல்லாமை அதிகாரத்திலே, 407ஆவது குறளில், 'நுழைபுலம்' என்று ஒரு சொல்லைப் போடுகிறார். அது இல்லாதவனுடைய அழகு, மண்ணாலே செய்து அலங்கரித்த பொம்மையின் அழகு என்கிறார். புலம் என்றால் அறிவு. நுழைபுலம்? பல நூல்களுக்குள்ளும் புகுந்து வந்த அறிவு என்ற கருத்தில் உரை சொல்வார் பரிமேலழகர். கவனியுங்கள், வள்ளுவர் 'நிறைபுலம்' என்று சொல்லவில்லை! மண்டைக்குள்ளே எவ்வளவு நிறைத்தாய் என்பதல்ல கேள்வி. பொருளுக்குள்ளே எவ்வளவு நுழைந்தாய்? இலக்கணத்திலே இது வினைத்தொகை. நேற்று நுழைந்தது, இன்று நுழைவது, நாளை நுழையப்போவது மூன்றும் அதற்குள் அடக்கம். தேர்வு முடிந்ததும் நின்றுபோகிற அறிவுக்கு இந்தப் பெயர் பொருந்துமா? நுழைவுத் தேர்வு எழுதிப் பையன் கல்லூரிக்குள்ளே நுழையறான். பாடத்துக்குள்ளே நுழையறானா? (கைதட்டல்)

பையனை விடுங்க, வாத்தியார் நுழைந்தாரா? என் கதையையே சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. இந்தக் குறளை நடத்திக் கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். உழவர் வீட்டுப் பிள்ளை.

"ஐயா, புலம்னா வயலுன்னும் அர்த்தம் இருக்குதுங்களே? கலப்பைக் கொழு மண்ணுக்குள்ள நுழையற மாதிரி நுழையற அறிவுங்களா?"

"உரையில இருக்கா? இல்லையே. உட்காரு!" என்றேன். வகுப்பே சிரித்தது. தேர்விலும் அவன் அதையே எழுதினான். பூஜ்யம் போட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

புலத்துக்கு வயல் என்ற பொருளும் உண்டு என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். 'அகல உழுவதைவிட ஆழ உழு' என்ற பழமொழி தெரியாதா? அதுவும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை. அவன் சொன்னது உரைப்பொருள் இல்லை, சரி. ஆனால் சொல்லுக்குள்ளே நுழைந்தவன் அவன்; வாசலிலே நின்று மதிப்பெண் போட்டவன் நான்.

நடுவர் அவர்களே! அன்றைக்கு மண்பொம்மை பெஞ்சிலே இல்லை. மேசைக்கு இந்தப் பக்கம், கையிலே சிவப்பு மையோடு நின்றது. நான் போட்ட அந்தப் பூஜ்யமே எங்கள் அணிக்குச் சாட்சி என்று கூறி அமர்கிறேன்.