வீட்டுக் கணினிக்கு ஒரு படலை

வீட்டுக் கணினியில் இணையத்தளம் அமைத்தவர் அதனை வீட்டினுள்ளே கண்டு மகிழ்வர். வெளியூர் நண்பர் தேடினால் அகப்படாது. 192.168 எனத் தொடங்கும் அதன் எண், இல்லத்தார் மாத்திரம் அழைக்கும் செல்லப்பெயர், தபாற்காரர் அறியாதது. வெளியுலகம் அறிந்த முகவரி ரவுட்டருக்கே உரியது. எனவே 80, 443 என்னும் வாயில்களுக்கு வருவோரைக் கணினியிடம் அனுப்புமாறு அதனைப் பணித்தல் வேண்டும்.

அதன் பின்னரும் ஏமாந்தோர் பலர். பழைய முறையிலான முகவரிகள் ஏறத்தாழ 430 கோடியே. அவற்றின் உலகப் பொதுக் கையிருப்பு 2011இல் தீர்ந்தது. ஆதலால் சில நிறுவனங்கள் பல இல்லங்களை ஒரே முகவரியில் அடக்குகின்றன. ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 எனத் தொடங்கினால், படலை ஒழுங்கைக்குள்ளேயே இருக்கிறது, தெருவுக்கு வரவில்லை. அப்பொழுது நிறுவனத்திடம் பொதுமுகவரி கேட்டல் வேண்டும்.

திறந்த படலையால் விருந்தினர் மாத்திரமா வருவர்? குடும்பப் படங்களும் கணக்குகளும் உள்ள கணினியை விடுத்து, பழைய கணினியொன்றைத் தளத்திற்கென ஒதுக்குதல் நன்று.