அகத்தி முதல் போர்ட் பிளேர் வரை: தூரம் ஒரு கணக்கு, நேரம் வேறு கணக்கு

அகத்தி விமான நிலையம் அரபிக்கடலில், லட்சத்தீவில் இருக்கிறது. போர்ட் பிளேர் கிழக்கே அந்தமானில் இருக்கிறது. 2024 செப்டம்பரில் அந்த ஊர் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. இரண்டுக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 2,240 கி.மீ. அந்தக் கோடு கோயம்புத்தூருக்குச் சற்று வடக்கே தமிழகத்துக்குள் நுழைந்து, சீர்காழிக்கும் சிதம்பரத்துக்கும் இடையே மறுபடி கடலைத் தொடும். அந்தக் கோட்டுக்குத் தெற்கே உள்ள ராஜபாளையத்திலிருந்து அகத்தி ஏறத்தாழ 600 கி.மீ., போர்ட் பிளேர் 1,680 கி.மீ. ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இந்த இரு தீவுகளுக்கும் இடைப்பட்ட ஊர்கள் என்றே சொல்லலாம்.

ஜெட் விமானம் மணிக்கு 800 கி.மீ. அளவில் பறக்கும். ஏறவும் இறங்கவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால், 2,240 கி.மீ. தூரத்துக்கு மூன்றேகால் மணி நேரம் போதும். ஆனால் அப்படி நேரடி விமானம் கிடையாது. அகத்தி ஒடுங்கிய தீவு. ஓடுபாதை சுமார் 1,200 மீட்டர்தான். அதில் இறங்குவது சிறிய புரொப்பல்லர் விமானம். கொச்சியிலிருந்து 465 கி.மீ. தூரத்தைக் கடக்க அதற்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். அகத்தி, கொச்சி, சென்னை, போர்ட் பிளேர் என்று மாறிமாறிப் போனால் மொத்தம் 2,355 கி.மீ. கூடுவது நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். பறக்கும் நேரமோ ஐந்து மணி நேரத்தை எட்டும். காத்திருப்பையும் சேர்த்தால் ஒரு பகல் முழுதும் போய்விடும். இணைப்பு விமானம் தவறினால் மறுநாளும் போகும். எல்லாப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டில் எடுப்பது இங்கேதான் கைகொடுக்கும். தனித்தனி டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறும்போது நஷ்டம் பயணியின் தலையில்தான் விழும்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலிருந்து போர்ட் பிளேர் செல்பவர்கள் பலரும் முதலில் சென்னைக்குப் போக வேண்டியிருக்கும். பொதிகை எக்ஸ்பிரஸில் வருபவர்கள் எழும்பூர் வரை போக வேண்டியதில்லை. தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் திரிசூலம் வந்தால் விமான நிலையம் எதிரிலேயே இருக்கிறது. ரயில் தாமதத்தை மனத்தில் வைத்து, முற்பகல் நேரத்துக்குப் பிந்திய விமானத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. சென்னையிலிருந்து போர்ட் பிளேர் சுமார் 1,370 கி.மீ., இரண்டேகால் மணி நேரம். தென்மேற்குப் பருவக் காலத்தில் மேல்வானில் காற்று கிழக்கிலிருந்து மேற்கே பலமாக வீசுவதால், போகும்போது சற்றுக் கூடுதலாகவும் திரும்பும்போது குறைவாகவும் நேரம் ஆவது உண்டு.

இதே பக்கத்திலிருந்து அகத்திக்குப் போவோர்க்கு மதுரை–குருவாயூர் எக்ஸ்பிரஸ் உதவும். அது ஆலுவா, அங்கமாலி வழியாகப் போகிறது, கொச்சி விமான நிலையம் அங்கிருந்து பக்கம். லட்சத்தீவுக்கு இந்தியரும் நுழைவு அனுமதி பெற வேண்டும், அதை வாங்காமல் டிக்கெட் எடுப்பது வீண். அந்தமானின் போர்ட் பிளேருக்கு அப்படி அனுமதி தேவையில்லை.

கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை, இரண்டு தீவிலும் இந்திய நேரம்தான். ஆனால் போர்ட் பிளேரில் சூரியன் உச்சிக்கு வந்த பிறகு அகத்தியில் வர ஏறத்தாழ 80 நிமிடம் ஆகும். அந்தமானில் மாலை வெளிச்சம் சீக்கிரமே மங்கிவிடுவதால், விமானம் இறங்கிய பின் படகில் வேறு தீவுக்குச் செல்ல நினைப்பவர்கள் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.