பழைய மோட்டார் எஞ்சினும் அதன் வால்வுகளும்

பழைய மோட்டார் வண்டி வாங்கப் புறப்படுவோர் கண்ணைவிடச் செவியையே அதிகம் நம்புவர். எஞ்சினை இயக்கிப் பார்ப்பர். ஓசை எழுந்தால் முகஞ் சுளிப்பர். ஓசையின்றி ஓடினால் உடனே விலை பேசத் தொடங்குவர். ஆனால், இலங்கையின் வீதிகளில் இன்றும் ஓடுகின்ற மொறிஸ் மைனர் போன்ற பழைய பிரித்தானிய வண்டிகளிடத்தில் இந்தச் செவிப் பரிசோதனை ஆளை ஏமாற்றிவிடக் கூடியது. அவ்வண்டிகளில் அளவுக்கு மீறிய அமைதி, நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். சேமித்த பணம் முழுவதையும் கொடுத்து வண்டி வாங்கி, அதனை வாடகைக்கு ஓட்டிப் பிழைக்க எண்ணும் ஒருவருக்கு இது சிறிய செய்தியன்று.

மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அறிமுகமாயிற்று. 1952 முதல் அதில் மேல்வால்வு எஞ்சின் பொருத்தப்பட்டது. அந்த எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். அவற்றை மேலிருந்து மூடி நிற்கும் கனத்த வார்ப்பிரும்புத் துண்டே சிலிண்டர்த் தலை. மெக்கானிக்குகள் அதனைச் சுருக்கமாக 'ஹெட்' என்பர். எட்டு வால்வுகளும் அதிலேதான் அமைந்துள்ளன. நான்கு வால்வுகள் பெற்றோலும் காற்றும் கலந்த கலவையை உள்ளே விடுவன. ஏனைய நான்கும் எரிந்த புகையை வெளியேற்றுவன. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும்போது ஒவ்வொரு வால்வும் செக்கனுக்கு 25 முறை திறந்து மூடுகின்றது. அதிலும் புகை வால்வு, தணலிற் காய்ந்த இரும்பின் நிலையில் நின்று இவ்வேலையைச் செய்யவேண்டியிருக்கின்றது. தன் இருக்கையிற் பொருந்தி அமரும் அந்தக் கணப்பொழுதில் மட்டுமே அது தன் வெப்பத்தின் பெரும்பகுதியைத் தலைக்குக் கொடுத்துச் சற்றே ஆறிக்கொள்கின்றது. அமர்வதற்கு இடங் கொடாவிட்டால் அதன் விளிம்பு தீய்ந்துபோகும்.

வால்வு நன்றாக அமரவேண்டும் என்பதற்காகவே, அதன் தண்டுக்கும் அதனை அழுத்தும் றொக்கருக்கும் இடையில் ஒரு சிறு இடைவெளி விடப்படுகின்றது. இவ்வகை எஞ்சின்களில் அது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு. தையற் பொறி ஓடுவது போன்ற மெல்லிய ஓசை எழுவது இந்த இடைவெளியினாலேயே. ஆகவே அவ்வோசை நலத்தின் குறி. அது முற்றாக மறைந்துவிட்டால், இடைவெளி எங்கே போயிற்று என்று கேட்கவேண்டும்.

அது போன வழியை அறியப் பெற்றோலின் வரலாற்றைச் சிறிது நோக்கவேண்டும். முற்காலத்துப் பெற்றோலில் ஈயச் சேர்வை கலந்திருந்தது. அது எரிகையில் புகை வால்வின் இருக்கைமீது மெல்லிய படையாகப் படிந்து, வால்வும் இருக்கையும் வெறும் இரும்பாக ஒட்டிக்கொள்ளாதவாறு காத்தது. மக்களின், சிறப்பாகக் குழந்தைகளின், உடல்நலத்துக்கு ஈயம் பெருங்கேடு என்பதனால் இலங்கையில் 2002ஆம் ஆண்டு ஈயப் பெற்றோல் நிறுத்தப்பட்டது. அது நல்ல முடிவு என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆயினும், வார்ப்பிரும்பிலேயே வெட்டப்பட்ட பழைய இருக்கைகள் அன்றுமுதல் காப்பிழந்தன. வெப்பமேறிய வால்வு இருக்கையோடு நுண்ணியதாக ஒட்டிக்கொள்ளும். திறக்கையில் இரும்புத் துகளைப் பிய்த்துக்கொண்டு எழும். இவ்வாறு இருக்கை தேயத் தேய, வால்வு தலைக்குள்ளே மேனோக்கிப் புதைகின்றது; தண்டு றொக்கரை நெருங்குகின்றது; இடைவெளி அடைபடுகின்றது. ஓசை அடங்குவதைக் கேட்டு உரிமையாளர் மகிழ்ந்திருக்க, வால்வு மூட இயலாமல் தீய்கின்றது. ஊருக்குள் மெதுவாக ஓடிய வண்டியில் இத்தேய்வு குறைவு. பாரமேற்றி, யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே கண்டி வீதியில் விரைந்தோடிய வண்டியில் அதிகம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டு வண்டிகளுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1990ஐ அடுத்த ஆண்டுகளில், பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் கிடைத்தற்கரியதாயிருந்தபோது, சில துளி பெற்றோலினால் எஞ்சினை இயக்கிவிட்டு, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினர். அச்சாமர்த்தியத்தை வியக்காதார் யார்? ஆனால் மண்ணெண்ணெய் முற்றாக எரிவதில்லை. கரி தடித்துப் படியும். அதன் செதிலொன்று வால்வுக்கும் இருக்கைக்கும் நடுவே சிக்கினால், அவ்விடத்தில் வால்வு தீயும். அக்காலத்துக்குப்பின் தலை கழற்றப்படாத எஞ்சின் என்று விற்பவர் பெருமையாகக் கூறினால், வாங்குபவர் அதனைப் பெருமையாகக் கொள்ளவேண்டியதில்லை.

பரிசோதனை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே தொடங்கவேண்டும். விடியமுன் விற்பவர் எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால், ஆறும்வரை காத்திருத்தல் தகும். றொக்கர் மூடியைக் கழற்றி, தகட்டளவியினால் எட்டு இடைவெளிகளையும் அளக்கவேண்டும். அளக்கும் முறை எளிது: 1ஆவது வால்வு முழுதும் திறந்திருக்கையில் 8ஆவதையும், 3ஆவது திறந்திருக்கையில் 6ஆவதையும் அளப்பர், இரண்டு எண்களின் கூட்டுத்தொகை எப்போதும் 9 ஆகும். முன்னிருந்து எண்ணுகையில் 1, 4, 5, 8 என்பன புகை வால்வுகள். இந்நான்கும் மட்டும் இறுகியிருந்தால், நடந்தது இன்னதென்பது வெளிப்படை. விற்பவர் முதனாளே சரிசெய்து வைத்திருப்பதும் உண்டு. அதனாற் பரிசோதனை இதனோடு முடிவதில்லை.

அடுத்தது அமுக்க மானி. எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, காபுரேற்றரின் வாயை முற்றாகத் திறந்துவைத்து, ஸ்டாட்டரினாற் சுழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் அமுக்கத்தை அளக்கவேண்டும். எண் எவ்வளவு என்பதிலும் நான்கும் ஒத்திருக்கின்றனவா என்பதே முக்கியம். ஒன்று மட்டும் வெகுவாகக் குறைந்தால், அதனுள் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மீண்டும் அளக்கவேண்டும். அமுக்கம் ஏறினால் பழுது பிஸ்டன் வளையங்களில், ஏறாவிட்டால் வால்விலே. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்தே குறைந்தால், நடுவே காஸ்கெட் வெடித்திருத்தல் கூடும்.

ஐயம் நிலைத்தால், தலையைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேட்கவேண்டும். புதிய காஸ்கெட்டின் விலையை வாங்குபவரே ஏற்பதாகச் சொன்னால் பெரும்பாலோர் இணங்குவர். அப்போதும் இணங்காதவரிடம் வண்டி வாங்காமல் வருவதே மேல். றேடியேற்றரின் நீரை வடித்தபின்னரே ஆணிகளைத் தளர்த்தவேண்டும். தள்ளுகோல்களை எடுக்கும் வரிசையிலேயே, துளையிட்ட அட்டையொன்றிற் குத்திவைத்தால் இடம் மாறாது.

கழற்றிய தலையைக் கவிழ்த்துவைத்து, பிளக்குகளை மாட்டி, எரியறைகளில் மண்ணெண்ணெய் ஊற்றவேண்டும். வால்வுகள் சரியாக அமர்ந்திருந்தால் எண்ணெய் நிற்கும். பழுதானால் பக்கத்துத் துவாரத்தில் வடியும். பின்னர் தலையை நிமிர்த்தி, வால்வுத் தண்டுகளின் நுனிமீது நேரான உருக்குச் சட்டமொன்றைப் படுக்கவைக்க, புதைந்த வால்வின் நுனி மற்றவற்றிலும் உயர்ந்து நிற்பது தெரியும். இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை. ஆயினும் இதனைச் செய்வோர் மிகச் சிலரே.

இறுதியாக விரிசல். கரியை அகற்றி, மண்ணெண்ணெய் பூசி, நன்றாகத் துடைத்து உலர்த்தி, வெண்கட்டித் தூளைத் தேய்த்துச் சிறிது நேரம் விடவேண்டும். விரிசலுக்குள் ஒளிந்த எண்ணெய் ஊறி, தூளின்மீது கறுத்த கோடாகத் தோன்றும். ஒரே அறையிலுள்ள இரண்டு இருக்கைகளுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய பகுதியையே முதலிற் பார்க்கவேண்டும். நடுவிலுள்ள இரு சிலிண்டர்களின் புகையும் ஒரே வழியாற் செல்வதால் அங்கே வெப்பம் மிகுதி.

விரிசலின்றி இருக்கைகள் மட்டும் தேய்ந்திருந்தால் வண்டியைக் கைவிடவேண்டியதில்லை. ஆனால், அரைக்கும் பசையிட்டு வால்வைத் தேய்த்துக் கொடுத்துவிடுவதாகச் சொல்லும் மலிவான மருத்துவத்துக்கு உடன்படலாகாது. அது புதைந்ததை மேலும் புதைக்கும். இருக்கையைக் குடைந்தெடுத்து, கடின உருக்கு வளையங்களை இறுக்கிப் பொருத்துவதே தகுந்த முறை. புகை வால்வுகள் நான்குக்கும் செய்தாற் போதும். அதற்கான கூலியை இயந்திரப் பட்டறையில் முன்னரே கேட்டறிந்து வந்தால், வண்டியின் விலையிற் கழித்துப் பேசலாம். விரிசல் கண்ட தலையானால், அந்தக் கணக்கு உதவாது. வேறு தலையின் விலையையே கழிக்கவேண்டும்.