கடிகாரம் காட்டாத வேகம்



அமெரிக்கக் கால்பந்தில் வைட் ரிசீவர் என்று ஓர் ஆட்டக்காரர் உண்டு. வரிசையின் ஓரத்தில் நிற்பார். குவார்ட்டர்பேக் எறியும் பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பது அவர் வேலை. கேட்க எளிதுதான். ஆனால் பந்து கிளம்பும் நேரத்தில் அது விழப்போகும் இடத்தில் பெரும்பாலும் யாரும் இருப்பதில்லை. பேசிவைத்த தடத்தில் ஓடி, பேசிவைத்த நொடியில் ரிசீவர் அங்கே போய்ச் சேர வேண்டும். எதிரணிக்காரர் ஒருவர் ஒட்டிக்கொண்டே வருவார். அரை அடி பிசகினாலும் பந்து அவர் கைக்குப் போய்விடும்.

இந்த வேலையில் ஜெர்ரி ரைஸை மிஞ்ச இன்றுவரை ஆளில்லை. 1962-ல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தவர். அப்பா கொத்தனார். கோடை விடுமுறையில் மகன்களும் வேலைக்குப் போவார்கள். சகோதரர் வீசும் செங்கற்களை ஜெர்ரி பிடித்துக்கொடுப்பார். படித்ததோ பெரிய அணிகள் எட்டிப்பார்க்காத மிசிசிப்பி வேலி ஸ்டேட் பல்கலைக்கழகத்தில்.

1985-ல் தொழில்முறை அணிகள் புதியவர்களைத் தேர்ந்தெடுத்தபோது அவருக்குக் கிடைத்தது பதினாறாவது இடம். நாற்பது கெஜ ஓட்டத்தில் அவருடைய நேரம் சுமார்தான் என்று சொன்னார்கள். அவருக்கு முன்பே வேறு இரண்டு ரிசீவர்கள் தேர்வாகிவிட்டார்கள். சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் பயிற்சியாளர் பில் வால்ஷ் மட்டும், பந்தோடு ஓடும்போது இவரை யாராலும் துரத்திப் பிடிக்க முடியவில்லை என்பதைக் கவனித்திருந்தார்.

முதல் ஆண்டில் ரைஸ் பல பந்துகளைத் தவறவிட்டார். சொந்த அணியின் ரசிகர்களே கூச்சலிட்டார்கள். அவர் பயிற்சியைக் கூட்டினார். பயிற்சியில் பிடிக்கும் ஒவ்வொரு பந்தையும் எல்லைக்கோடு வரை ஓடியே கொண்டுபோவார். ஆட்டமில்லாத மாதங்களில் சான் கார்லோஸ் அருகே செங்குத்தான குன்றுப் பாதையில் நான்கு கிலோமீட்டர் ஏறுவார். கூட வந்த இளைஞர்கள் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவார்களாம்.

பலன் சீக்கிரமே தெரிந்தது. 1987-ல் பன்னிரண்டே ஆட்டங்களில் 22 டச்டவுன் பிடித்தார், அதாவது அத்தனை முறை பந்தைப் பிடித்து எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்த்தார். 1989 ஜனவரியில் சூப்பர் பவுல் இறுதியாட்டத்தில் 215 கெஜம் பந்தைக் கடத்தி ஆட்டநாயகன் ஆனார். ஃபார்ட்டிநைனர்ஸ் அணியோடு மூன்று முறை பட்டம் வென்றார். 1997-ல் முழங்கால் தசைநார் கிழிந்தும் அந்தப் பருவத்திலேயே திரும்பி வந்தார். அன்றே முழங்கால் சில்லு உடைந்தது. அதற்குப் பிறகும் ஏழு பருவங்கள் ஆடினார். ஓக்லாந்து ரெய்டர்ஸ் அணிக்கு மாறி, நாற்பது வயதில் ஒரே பருவத்தில் 1,211 கெஜம் கடந்தார். 2005-ல் ஓய்வு. 2010-ல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம்.

இருபது பருவங்களில் அவர் கடத்திய தூரம் 22,895 கெஜம். இரண்டாம் இடத்தில் இருக்கும் லாரி ஃபிட்ஸ்ஜெரால்டு 17,492-இல் நிற்கிறார். ஒரு பருவத்தில் ஆயிரம் கெஜம் கடந்தாலே நல்ல ரிசீவர் என்பார்கள். அப்படி ஐந்து பருவங்களைக் கூடுதலாகச் சேர்த்தாலும் ரைஸை எட்ட முடியாது. இளம் வயதில் நாற்பது கெஜத்தை ஓட ஆகும் நேரத்தை வைத்து இதை யாரும் கணித்திருக்க முடியாது.