பேசிய கூலியும் பேசாத கூலியும்

 

 

தரும் சம்பளத்துக்கு இவ்வளவு வேலை போதும் என்று எமது இளைஞர்கள் கூறுகின்றனர். எவ்வளவு கொடுத்தாலும் இந்தக் காலத்துப் பிள்ளைகள் மனம் வைத்து வேலை செய்வதில்லை என்று முதலாளிமார் கூறுகின்றனர். பதுளை, பண்டாரவளை, வெலிமடைக் கடைவீதிகளில் இவ்விரு முறைப்பாடுகளையும் அடிக்கடி கேட்கின்றோம். இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பது அடியேனின் கருத்து.

எம்மைச் சூழவுள்ள தோட்டங்களைப் பாருங்கள். 2013ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 620 ரூபா எனப்பட்டது. அதில் அடிப்படைச் சம்பளம் 450 ரூபாவே. 30 ரூபா விலைப்பகிர்வுக் கொடுப்பனவு. மிகுதி 140 ரூபா வரவுக் கொடுப்பனவு. வேலை வழங்கப்பட்ட நாட்களில் 75 சதவீதம் வராதவருக்கு அந்த 140 கிடையாது. பிள்ளையின் காய்ச்சலுக்காகச் சில நாட்கள் வீட்டில் நின்ற தாய், தான் மலையேறி உழைத்த நாட்களுக்குரிய கொடுப்பனவையும் சேர்த்தே இழந்தாள். 2019இல் இக்கொடுப்பனவு நீக்கப்பட்டு, அடிப்படைச் சம்பளம் 700 ரூபாவாயிற்று. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் மூலம் 1000 ரூபா வந்தபோது, ஒரு நாள் பேருக்கு எத்தனை கிலோ என்ற பிணக்கும் கூடவே வந்தது. நிறை குறைந்தால் அரைப் பேர்!

இதில் ஊவாவுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசும் வறண்ட காற்றினாலேயே எமது தேயிலைக்கு உலகம் தேடும் மணம் சேர்கின்றது. ஆனால் அம்மாதங்களில் கொழுந்து அருகிவிடும். ஆகவே இலைக்கு மதிப்பு மிகும் பருவத்திலேயே, அதைப் பறிக்கும் கை தராசின் முன் தோற்கின்றது.

விக்டர் வ்ரூம் என்ற உளவியல் அறிஞர் 1964இல் வெளியிட்ட நூலொன்றில் ஊழியரின் ஊக்கத்தை ஆராய்ந்தார். முயன்றால் என்னால் முடியுமா, முடித்தால் சொன்னது கிடைக்குமா, கிடைப்பது எனக்குப் பயன்படுமா என்று மனிதன் உள்ளத்தில் கணக்கிடுகின்றான் என்பதே அவரது கருத்தின் சாரம். இவற்றில் ஒன்று பொய்த்தாலும் கை தளரும். வறண்ட மாதத்தில் நிறையை எட்ட முடியாத பெண்ணுக்கு முதற் கேள்வியிலேயே விடை தெரிந்துவிடுகின்றதே!

அல்குர்ஆனின் அல்கஸஸ் அத்தியாயம் மத்யன் நகரத்து முதியவர் ஒருவரைக் காட்டுகின்றது. மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்தும்போதே அவர் எல்லாவற்றையும் வெளிப்படையாகப் பேசிவிடுகின்றார். எட்டு ஆண்டுகள் கட்டாயம். பத்தாக்குவது அவரது விருப்பம். சிரமம் கொடுக்கும் எண்ணமில்லை என்ற உறுதியும் தருகின்றார். மூஸா (அலை) அவர்கள் நீண்ட தவணையையே நிறைவேற்றினார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் கூறியதாக ஸஹீஹுல் புஹாரியில் பதிவாகியுள்ளது. அந்த மேலதிக இரண்டு ஆண்டுகளைக் கவனியுங்கள். கட்டாயம் எது, விருப்பம் எது என்று தெளிவாகப் பிரித்துச் சொல்லப்பட்ட இடத்தில்தான் மனிதன் மனமுவந்து மேலதிகமாகக் கொடுக்கின்றான்.

எமது கடைகளில் நடப்பது என்ன? "பெருநாளைக்குப் பார்த்துச் செய்வோம்" என்பார்கள். அளவுமில்லை, நாளுமில்லை. பார்த்துச் செய்யும் நாள் வந்தால் வியாபாரம் மந்தமாகிவிடும்! இஜாரா ஒப்பந்தத்தில் கூலி இன்னதென்று அறியப்பட்டிருப்பது நிபந்தனை என்று ஃபிக்ஹு நூல்களில் ஓதிய நாம், அதைக் கல்லாப்பெட்டிக்கு அருகில் மறந்துவிடுகின்றோம். முழு வேலை வாங்கிவிட்டுக் கூலி கொடாதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்பது புஹாரியிலுள்ள ஹதீஸ் குத்ஸியின் கருத்தாகும்.

இளைஞர்களே! கூலி குறைவென்றால் ஒப்புக்கொள்ளும் முன் பேசுங்கள். ஒப்புக்கொண்ட பின் அவ்வேலை நேரம் உங்களிடமுள்ள அமானிதம். கைத்தொலைபேசியில் அதைக் கழிப்பது முதலாளியின் கஞ்சத்தனத்துக்குப் பதிலாகாது.

பெற்றோர்களே! மகனைக் கடைக்கு அனுப்பும் நாளில் சம்பளம் எவ்வளவு, எத்தனை மணி நேரம், எந்தத் தேதியில் என்று கேட்டுவிடுங்கள். 1958ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் 8 சதவீதத்தை ஊழியரும், 12 சதவீதத்தை முதலாளியும் செலுத்த வேண்டும், அதையும் கேளுங்கள். மாமாவின் கடைதானே என்று வெட்கப்பட்டு இவற்றைப் பேசாமல் விட்டதால், பிற்காலத்தில் ஸலாம் சொல்வதும் நின்றுபோன குடும்பங்கள் எமதூரில் உண்டு.